பருந்து மோதியதை எழுதலாமா, விடலாமா?

கேள்வி: ஐயா, என் சொந்த ஊர் திருச்சி. எட்டு மாதமாகச் சென்னையில் ஒரு சிறிய தனியார் விமான நிறுவனத்தின் பாதுகாப்புப் பிரிவில் வேலை செய்கிறேன். எங்களிடம் வாடகைக்குப் பறக்கும் இரண்டு சிறு விமானங்களும் ஒரு ஹெலிகாப்டரும் இருக்கின்றன. பாதுகாப்புப் பிரிவு என்றால் என் மேலதிகாரியும் நானும்தான். காலையிலிருந்து மாலைவரை, விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வுக்கு ஏதாவது ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டே இருக்கிறேன். யாராவது படிக்கிறார்களா என்றே தெரியவில்லை. ஒன்பது நாள் முன்பு, தரையிறங்கும் நேரத்தில் எங்கள் விமானத்தின் இறக்கையில் ஒரு பருந்து மோதியது. "சேதம் ஒன்றும் இல்லை, இதையெல்லாம் எழுதி வம்பை விலைக்கு வாங்காதே" என்றார் கேப்டன். மேலதிகாரியும் தலையாட்டினார். நானும் விட்டுவிட்டேன். இப்போது இன்னொரு சிக்கல். அடுத்த மாதம் ஆடிட் வருகிறது. நடக்காத இரண்டு பாதுகாப்புக் கூட்டங்களுக்கு மினிட்ஸ், அதாவது கூட்டக் குறிப்பு, தயார் செய்யச் சொல்கிறார்கள். "எல்லா இடத்திலும் இப்படித்தான்" என்கிறார்கள். நான் என்ன செய்வது? பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: முதலில் பருந்தை முடித்துவிடுவோம். படிவத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், ஆனால் எனக்கு அதைவிட அவசரமாகத் தோன்றுவது வேறு. பறவை மோதிய பிறகு அந்த இறக்கையைப் பொறியாளர் யாராவது முறைப்படி சோதித்தாரா? "முறைப்படி" என்றால், பராமரிப்புக் கையேட்டில் பறவை மோதலுக்கென்று இருக்கும் சோதனையை வரிசையாகச் செய்து, விமானத்தின் பராமரிப்புப் பதிவேடான டெக் லாக்கில் எழுதிக் கையெழுத்துப் போடுவது. கேப்டன் இறங்கிவந்து கையால் தடவிப் பார்த்ததும், விமானத்தருகே தரைவேலை பார்த்த பையன் துணியால் ரத்தத்தைத் துடைத்ததும் கணக்கில் வராது. டெக் லாக்கை எடுத்து அந்தத் தேதியைப் பாருங்கள். ஒன்றும் இல்லையென்றால், சோதனை செய்யாத இறக்கையோடு உங்கள் விமானம் ஒன்பது நாளாகப் பறந்துகொண்டிருக்கிறது. படிவம் ஒரு மணி நேரம் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது.

வெளியே தகடு வழவழப்பாகவே இருக்கும், உள்ளே விலா எலும்பு மாதிரி இருக்கும் தாங்கிகளில் ஒன்று நெளிந்திருக்கும். இறக்கையின் முன்விளிம்புக்குப் பின்னால் ஓடும் குழாயோ ஒயரோ நகர்ந்திருக்கலாம். பருந்து சிட்டுக்குருவி அல்ல. நல்ல வளர்ந்த பருந்து அரைக் கிலோவுக்கு மேல் இருக்கும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் அது வந்து மோதினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் திருச்சிக்காரர் என்பதால் இதைச் சொல்கிறேன், ஊரில் எல்லோரும் பேசியது உங்களுக்கும் நினைவிருக்கும். 2018 அக்டோபர் 12 அதிகாலை திருச்சியிலிருந்து துபாய்க்குக் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம், ஓடுதளத்தின் கடைசிவரை போய், வழிகாட்டும் ஆன்டெனாவிலும் சுற்றுச்சுவரிலும் இடித்துக்கொண்டு எழும்பியது. உள்ளே 136 பேர். ஏதோ மோதியிருக்கலாம் என்று கட்டுப்பாட்டு அறை சொன்ன பிறகும், கருவிகள் எல்லாம் சரியாகக் காட்டியதால் பயணம் தொடர்ந்தது. பிறகுதான் திருப்பிவிடப்பட்டு மும்பையில் இறங்கியது. இறங்கியபின் பார்த்தால் விமானத்தின் வயிற்றுப் பகுதி கிழிந்திருந்தது. ஒரு செங்கல் சுவரை இடித்ததே விமானி அறைக்குள் உறைக்கவில்லை என்றால், "சேதம் ஒன்றும் இல்லை" என்று உங்கள் கேப்டன் சொன்னதை எந்த அளவுக்கு எடுத்துக்கொள்வது? அவர் பொய் சொல்லவில்லை. அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

அடுத்து படிவம். பறவை மோதல் டி.ஜி.சி.ஏ.வுக்குத் தெரிவிக்க வேண்டிய நிகழ்வுதான். சேதம் உண்டா, இல்லையா என்பது அந்தப் படிவத்துக்குள் நிரப்ப வேண்டிய ஒரு கட்டம். அந்தக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதத்தான் படிவமே தவிர, "இல்லை" என்பதற்காகப் படிவத்தை மடித்து வைப்பதற்கு அல்ல. இன்றே அனுப்புங்கள். தாமதத்தை மறைக்கத் தேதியில் கை வைக்காதீர்கள். நிகழ்ந்த தேதி இது, தெரிவிக்கும் தேதி இது, சேதம் இல்லாததால் தெரிவிக்கத் தேவையில்லை என்று தவறாக நினைத்துவிட்டோம் என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். மிஞ்சிப் போனால் ஒரு கடிதம் வரும், பதில் எழுதுவீர்கள். தேதியை மாற்றிப் பிடிபட்டால் வருவது கடிதத்தோடு நிற்காது.

அனுப்பும்போது "பறவை மோதியது, சேதம் இல்லை, விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடாதீர்கள். எனக்கு வந்த அறிக்கைகளில் பாதி அப்படித்தான் இருக்கும், படித்து முடித்ததும் ஒன்றும் தெரிந்திருக்காது. எந்த ஓடுதளத்துக்கு இறங்கும்போது, எத்தனை அடி உயரத்தில், என்ன வேகத்தில், எத்தனை மணிக்கு, வெளிச்சம் எப்படி, மழை பெய்து ஓய்ந்திருந்ததா, ஒற்றைப் பறவையா கூட்டமா, இறக்கையில் எந்த இடம், பறவையை முன்பே பார்த்தார்களா, கட்டுப்பாட்டு அறை எச்சரித்ததா, இறங்கிய பின் யார் எதைச் சோதித்தார்கள், இவ்வளவும் வேண்டும். அன்று பறந்த இருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒருவர் 300 அடி என்பார், இன்னொருவர் 500 என்பார். இரண்டையும் அப்படியே எழுதுங்கள், சராசரி போடாதீர்கள்.

இனி ஒரு பறவை மோதினால் மிச்சத்தைத் துடைத்துப் போடவும் விடாதீர்கள். இறகோ, ரத்தக்கறையோ, தண்ணீர் படாமல், ஆல்கஹாலில் நனைத்த தாளில் ஒற்றி எடுத்து உறையில் போட்டுத் தேதி எழுதி வையுங்கள். அமெரிக்காவில் இந்தக் கசடுக்கென்றே 'ஸ்னார்ஜ்' என்று ஒரு செல்லப்பெயர் வைத்திருக்கிறார்கள். 1960 அக்டோபர் 4 அன்று பாஸ்டனில் கிளம்பிய எலெக்ட்ரா ரக விமானம் ஒன்று மைனா இனத்துப் பறவைக் கூட்டத்தில் சிக்கிக் கடலில் விழுந்து 62 பேர் இறந்தார்கள். எஞ்சினுக்குள் கிடைத்த இறகுத் துணுக்குகளை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ராக்ஸி லேபோர்ன் என்ற பெண்மணியிடம் கொடுத்தார்கள். அவர் இறகின் நுண்ணிழைகளை நுண்ணோக்கியில் பார்த்து, இது இன்ன பறவை என்று சொன்னார். அதிலிருந்து ஒரு தனித் துறையே வளர்ந்தது. என்ன பறவை, என்ன எடை என்று தெரிந்தால்தான் எஞ்சின் எதைத் தாங்க வேண்டும் என்று வடிவமைப்பவர் கணக்குப் போட முடியும்.

நம் ஊரில் இந்தப் படிவம் போகும் பாதை இன்னும் சுவாரசியமானது. விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டருக்குள் பறவைகளை ஈர்க்கும்படி கால்நடை அறுப்பதையும் குப்பை கொட்டுவதையும் விமான விதிகள் தடை செய்கின்றன. தடை ஏட்டில் இருக்கிறது, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? விமான நிலையத்துக்கென்று ஒரு சுற்றுச்சூழல் குழு இருக்கும். நிர்வாகமும் உள்ளாட்சிக்காரர்களும் உட்காரும் அந்தக் கூட்டத்தில், "இந்த இறைச்சிக் கழிவு மேட்டை அப்புறப்படுத்துங்கள்" என்று விமான நிலைய அதிகாரி கேட்டால், "இதுவரை எத்தனை பறவை மோதியிருக்கிறது?" என்பதுதான் எதிர்க்கேள்வி. அப்போது அவர் கையில் இருக்கும் எண்ணிக்கையில் உங்கள் பருந்து சேர்ந்திருக்க வேண்டும். சேதமில்லாத பத்து மோதல்களைப் பத்து நிறுவனங்கள் எழுதாமல் விட்டால், அந்த மேட்டுக்கு மேலே பருந்தே இல்லை என்றுதான் அரசாங்கத்தின் கணக்கில் இருக்கும்.

யாராவது படிக்கிறார்களா என்று கேட்டிருந்தீர்கள். விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹேங்கரிலும் பிறகு பாதுகாப்புப் பிரிவிலுமாக நான் முப்பது வருடத்துக்கு மேல் காகிதத்தோடு மல்லுக்கட்டியவன். ஆகவே பூசி மெழுகாமல் சொல்கிறேன். எல்லாவற்றையும் யாரும் படிப்பதில்லை. ஒரே தகவலை மூன்று அலுவலகத்துக்கு மூன்று வடிவத்தில் அனுப்பிய மாதங்கள் எனக்கு உண்டு. டி.ஜி.சி.ஏ.வின் இ.ஜி.சி.ஏ. என்ற இணையதளம் வந்த பிறகு நடை குறைந்திருக்கிறது, ஆனால் அதில் ஏற்றிய கோப்பையே நேரிலும் கொண்டுவரச் சொல்லும் பழக்கம் முழுக்கப் போய்விட்டதாகத் தெரியவில்லை. சில படிவங்கள் ஆடிட் வருபவர் டிக் அடிப்பதற்காக மட்டுமே பிறந்தவை. அவற்றை நிரப்பும்போது எனக்கும் கோபம் வந்திருக்கிறது.

ஆனால் ஒருவர் கண்ட ஆபத்தை, அங்கே இல்லாத இன்னொருவருக்குக் கொண்டுபோகும் காகிதம் வேறு வகை. அதை மற்றவற்றோடு ஒரே குவியலில் போட்டுவிட்டீர்களோ என்றுதான் கவலைப்படுகிறேன். 1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. 514 என்ற விமானம் வாஷிங்டனுக்குப் பக்கத்தில் டல்லஸ் விமான நிலையத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. "அப்ரோச் செய்ய அனுமதி" என்று, அதாவது தரையிறங்க நெருங்கலாம் என்று, கட்டுப்பாட்டாளர் சொன்னதை, தாழ்ந்த உயரத்துக்கு இறங்கவும் அனுமதி என்று விமானிகள் எடுத்துக்கொண்டார்கள். இடையில் ஒரு மலை இருந்தது. 92 பேரும் இறந்தார்கள். இதற்கு ஆறு வாரம் முன்புதான், அதே இடத்தில், அதே குழப்பத்தில், யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்று மலையில் இடிக்காமல் தப்பியிருந்தது. அந்த விமானிகள் தங்கள் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. தன் விமானிகளை மட்டும். பக்கத்து நிறுவனத்துக்குச் சொல்ல அப்போது வழியே இல்லை.

அந்த விபத்துக்குப் பிறகு பிறந்ததுதான் அமெரிக்காவின் ஏ.எஸ்.ஆர்.எஸ். என்ற தன்னார்வ அறிக்கை முறை. 1976 முதல் நடக்கிறது. அதில் எனக்குப் பிடித்த விஷயம், அறிக்கைகளை வாங்கும் வேலையை விமானத் துறை ஒழுங்குமுறை அமைப்பிடம் கொடுக்காமல் நாசாவிடம் கொடுத்தது. தண்டிக்கும் கையிலேயே கடிதத்தைக் கொடுக்கச் சொன்னால் யார் கொடுப்பார்கள்? நிகழ்ந்து 10 நாளுக்குள் எழுதினால், வேண்டுமென்றே செய்யாத விதிமீறலுக்கு அபராதத்திலிருந்து விலக்கும் உண்டு. நம்மிடம் டி.ஜி.சி.ஏ.வுக்குத் தன்னார்வமாக எழுத வழி இருக்கிறது. உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்பு மேலாண்மைக் கையேட்டிலும், நல்லெண்ணத்தோடு தெரிவிப்பவரைத் தண்டிக்க மாட்டோம் என்று தலைமைப் பொறுப்பாளர் கையெழுத்திட்ட ஒரு பக்கம் இருக்கும். தேடி எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள். கேப்டனின் கண்ணில் படுகிற இடத்தில்.

நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பெயர் வேண்டாம், ஒரு சிறு நிறுவனத்தின் ஹேங்கரில் இருந்தேன். ஒரு கேப்டன் இறங்கி வந்து, "பிரேக் கொஞ்சம் இடதுபக்கம் இழுக்குதுப்பா, பாரு" என்றார். பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அவரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ஸ்னாக், அதாவது கோளாறு, என்று எழுதிவிட்டால் அதை முடிக்காமல் விமானத்தை விட முடியாது, அடுத்த பயணம் தள்ளிப்போகும், முதலாளி கத்துவார். அடுத்த வாரம் வேறொரு கேப்டன் இரவு ஷிப்டில் வேறொரு ஆளிடம் அதையே சொல்லியிருக்கிறார். பிறகு மூன்றாவது ஆள் மூன்றாவது ஆளிடம். நான்காவது முறை ஒரு சின்ன ஊர் ஓடுதளத்தில் பிரேக் இறுகி, டயர் வெடித்து, விமானம் புல்வெளிக்குப் போனது. யாருக்கும் அடியில்லை. விசாரித்தபோது நாங்கள் எல்லோருமே "நான் அன்றைக்கே சொன்னேனே" என்றோம். உண்மைதான், எல்லோரும் சொல்லியிருந்தோம். டெக் லாக்கில் மட்டும் அந்த பிரேக் தங்கம் போல இருந்தது.

எழுதாமல் விடுவதன் அண்மைக்கால உதாரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும். 2024 ஜனவரி 5 அன்று அமெரிக்காவின் போர்ட்லாந்தில் கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானத்தில், மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே பக்கச் சுவரில் கதவுக்குப் பதிலாகப் பொருத்தியிருந்த அடைப்பு பிய்த்துக்கொண்டு போனது. புத்தம்புது விமானம். அடைப்பைப் பிடித்து வைக்க வேண்டிய நான்கு போல்ட்டுகளும் போடப்படவே இல்லை. தொழிற்சாலையில் பக்கத்திலிருந்த ரிவெட்டுகளைச் சரிசெய்ய அடைப்பைத் திறந்திருக்கிறார்கள். ஆனால் திறந்தோம் என்று எந்தப் பதிவும் கிடைக்கவில்லை. திறந்ததாக எழுதியிருந்தால், மூடியதைச் சோதிக்க ஒருவர் வந்திருப்பார். எழுத்தில் திறக்காத கதவை யார் வந்து சோதிப்பார்?

அதே சம்பவத்தில் இன்னொரு பாடம் உங்கள் பிரிவுக்கானது. விமானி அறைக் குரல்பதிவு கிடைக்கவில்லை. அந்தக் கருவி இரண்டு மணி நேரத்தை மட்டும் வைத்துக்கொண்டு பழையதன் மேலேயே பதிந்துகொண்டு போகும் வகை. தரையிறங்கிய பிறகு அதன் மின்னிணைப்பை நேரத்துக்குத் துண்டிக்கவில்லை, எல்லாம் அழிந்துபோனது. உங்கள் விமானங்களில் குரல்பதிவுக் கருவி எந்த வகை, எத்தனை மணி நேரம் தாங்கும், பெரிய சம்பவம் நடந்தால் எந்த சர்க்யூட் பிரேக்கரை யார் இழுக்க வேண்டும் என்பதை ஒரு சின்ன அட்டையில் எழுதி டெக் லாக் உறைக்குள் வையுங்கள். ஆடிட்காரர் கேட்காத காகிதம் இது. நீங்கள் இந்த வருடம் எழுதப்போகும் காகிதங்களிலேயே பயனுள்ளது இதுவாகவும் இருக்கலாம்.

நேரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். விபத்தோ தீவிர நிகழ்வோ என்றால், அதாவது விபத்தாகிவிடப் பார்த்துத் தப்பியது என்றால், விமான விபத்து விசாரணைப் பிரிவான ஏ.ஏ.ஐ.பி.க்கும் டி.ஜி.சி.ஏ.வுக்கும் முடிந்தவரை சீக்கிரம், அதிகபட்சம் 24 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். கேப்டன் சொல்லும் நிலையில் இல்லையென்றால் அந்தக் கடமை நிறுவனத்தின் தலையில் விழும். மாவட்ட நிர்வாகத்துக்கும் பக்கத்துக் காவல் நிலையத்துக்கும் தகவல் போக வேண்டும். ஆட்களை மீட்பதற்கும் தீயை அணைப்பதற்கும் தவிர விமானத்தை நகர்த்தக் கூடாது. மற்ற நிகழ்வுகள் டி.ஜி.சி.ஏ.வுக்கு. பராமரிப்பின்போது கண்டுபிடிக்கும் ஆபத்தான கோளாறுகளைப் பராமரிப்பு நிறுவனம் 72 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அது உங்கள் மேசைக்கு வராமல் பொறியியல் பிரிவிலிருந்து நேரே போகும். போனதா என்று மட்டும் கேட்டு வையுங்கள்.

தீவிர நிகழ்வா, சாதாரண நிகழ்வா என்று சந்தேகம் வந்தால் பெரியதாக எடுத்துக்கொண்டு தெரிவித்துவிடுங்கள். அவர்கள் இறக்கிக்கொள்வார்கள். நீங்களாகவே தரம் பிரித்து உட்கார்ந்திருந்தால் 24 மணி நேரம் போய்விடும். முதல் தகவலில் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. தெரிந்தவரை எழுதி, மீதி பிறகு என்று சொல்லலாம்.

இன்னொன்று, 1934ஆம் ஆண்டின் பழைய வானூர்திச் சட்டம் போய், 2025 ஜனவரி 1 முதல் பாரதீய வாயுயான் சட்டம் நடப்பில் இருக்கிறது. அதன் கீழ் வரும் விதிகளும் சுற்றறிக்கைகளும் மாறிக்கொண்டிருக்கும் காலம். உங்கள் அலமாரியில் இருக்கும் அச்சுப்பிரதியை நம்பாதீர்கள். அனுப்புவதற்கு முன் டி.ஜி.சி.ஏ. தளத்தில் அன்றைய பதிப்பைப் பாருங்கள்.

உங்கள் கேப்டனின் பயத்தையும் நான் சும்மா தள்ளிவிட மாட்டேன். விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி நடக்காமல் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல என்று சர்வதேச விதியான இணைப்பு 13 சொல்கிறது. அழகான வரி. ஆனால் காவல் நிலையத்துக்கும் ஒரு நகல் போகும் ஊரில், லைசென்ஸ் சஸ்பெண்ட் ஆன நண்பர்களைப் பார்த்தவருக்கு அந்த வரி சோறு போடாது. பறவை மோதலுக்கு எந்த விமானியையும் யாரும் குற்றம் சொல்வதில்லை என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். அறிக்கையை அனுப்புவதற்கு முன் அவரிடம் படிக்கக் கொடுங்கள். தன் முதுகுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறதோ என்பதுதான் பாதி விமானிகளின் கோபம். திருத்தம் சொன்னால் கேளுங்கள், "அனுப்பாதே" என்றால் மட்டும் கேட்காதீர்கள்.

சரி, மினிட்ஸ்.

இதில் எனக்கு இரண்டாவது எண்ணமே இல்லை. எழுதாதீர்கள். தெரிவிக்காமல் விட்டது தவறு, திருத்திக்கொள்ளலாம். நடக்காததை நடந்ததாக எழுதுவது வேறு ஜாதி. 1996 மே 11 அன்று மியாமியில் கிளம்பிய வேல்யூஜெட் விமானம் சரக்கு அறையில் தீப்பிடித்துச் சதுப்பு நிலத்தில் விழுந்து 110 பேர் இறந்தார்கள். சரக்கில் இருந்தவை வேறு விமானங்களிலிருந்து கழற்றிய, இயங்கினால் கடுமையாகச் சூடேறும் ஆக்சிஜன் உற்பத்திக் குப்பிகள். அவற்றுக்குப் பாதுகாப்பு மூடி போட வேண்டும் என்று வேலை அட்டையில் இருந்தது. பராமரிப்பு நிறுவனத்தில் அந்த மூடிகள் கைவசம் இல்லை. ஆனால் அட்டையில் கையெழுத்து இருந்தது, போட்டாயிற்று என்று. அனுப்பும் சீட்டில் "காலி" என்று எழுதிவிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை காலாவதியானவை. காலியானவை அல்ல. அந்தச் சீட்டைப் படித்து ஏற்றிக்கொண்டவருக்கு அந்த வித்தியாசம் எப்படித் தெரியும்? சீட்டே இல்லாமல் பெட்டி வந்திருந்தால் ஒருவேளை திறந்து பார்த்திருப்பார். பொய்க் காகிதம் இல்லாத காகிதத்தைவிட மோசமானது, அது பார்க்க வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

கூட்டத்து மினிட்ஸ் எங்கே, ஆக்சிஜன் குப்பி எங்கே என்று உங்கள் மேலதிகாரி சிரிப்பார். நடக்காத கூட்டத்துக்கு மினிட்ஸ் எழுதிப் பழகிய கை, செய்யாத சோதனைக்கும் ஒரு நாள் கையெழுத்துப் போடும். அதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதற்கு மேல் அந்தக் கதையை இங்கே சொல்ல விரும்பவில்லை.

அதற்குப் பதில் இதைச் செய்யுங்கள். இந்த வாரமே ஒரு கூட்டம் போடுங்கள். அரை மணி நேரம் போதும். தலைமைப் பொறுப்பாளர், விமானிகளில் ஒருவர், பொறியாளர், நீங்கள் இருவர். இன்றைய தேதியில் மினிட்ஸ் எழுதுங்கள். முதல் தீர்மானமாக, கடந்த இரண்டு காலாண்டுக் கூட்டங்கள் நடக்கவில்லை, ஆள் பற்றாக்குறைதான் காரணம், இனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்ன தேதியில் நடக்கும், விடுபட்டால் தலைமைப் பொறுப்பாளருக்கு இன்னார் எழுத்தில் தெரிவிப்பார் என்று போடுங்கள். இரண்டாவதாக அந்தப் பருந்து. ஆடிட்காரர் வந்து கூட்டம் விடுபட்டதைக் குறையாக எழுதுவார். எழுதட்டுமே. தானே கண்டுபிடித்துத் தானே திருத்திய நிறுவனம் என்றும் அதே பேனாவால்தான் எழுத வேண்டியிருக்கும். நான் ஆடிட்டுக்குப் போன இடங்களில், எல்லாக் காலாண்டும் ஒரே மை, ஒரே கையெழுத்து, ஒரே மூன்று தீர்மானம் என்று அடுக்கி வைத்திருந்த கோப்பைப் பார்த்தவுடன்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவேன்.

மேலதிகாரியிடம் இதை எப்படிச் சொல்வது? அறம் பேசாதீர்கள், அவருக்கும் குடும்பம் இருக்கிறது. "சார், மினிட்ஸில் கலந்துகொண்டதாகக் கையெழுத்துப் போடப்போகும் கேப்டன் அன்றைக்கு எங்கே பறந்துகொண்டிருந்தார் என்று பயணப் பதிவேட்டில் இருக்குமே, ஆடிட்காரர் ஒப்பிட்டால் என்ன செய்வது?" என்று கேளுங்கள். பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும், ஏனென்றால் இது நிஜமாகவே நடப்பது. முடியவில்லை என்றால், பாதுகாப்புப் பிரிவு தலைமைப் பொறுப்பாளரை நேரடியாகச் சந்திக்கலாம் என்று உங்கள் கையேட்டிலேயே இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். அதற்கு முன் வாய்மொழியாகச் சொன்னதை ஒரு மின்னஞ்சலில் மரியாதையாகத் திருப்பிச் சொல்லுங்கள். "நேற்று பேசியதன்படி, கூட்டங்கள் நடக்காததால் பழைய தேதியில் மினிட்ஸ் தயார் செய்யவில்லை, இந்த வாரக் கூட்டத்துக்கான வரைவை இணைத்திருக்கிறேன்" என்ற அளவில். யாரையும் குற்றம் சாட்டாத தொனியில். அலுவலக விஷயத்தை வாட்ஸ்அப் குழுவிலோ நிருபரிடமோ கொண்டுபோகாதீர்கள், அது உங்கள் கையை மட்டும்தான் சுடும்.

வேலை போய்விடுமோ என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் வரிகளுக்கு இடையில் அது இருக்கிறது. போகாது என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஒரு முறை எனக்குப் போனது. மூன்று மாதம் வீட்டில் இருந்தேன், பிறகு கிடைத்த இடத்தில் இருபது வருடம் இருந்தேன். இந்தத் துறை சின்னது. யார் எதற்காக வெளியே வந்தார்கள் என்பது நாலு ஹேங்கருக்குள் சுற்றி வந்துவிடும், அது இரண்டு பக்கமும் வேலை செய்யும்.

இதைப் படித்து முடித்ததும் உங்கள் பொறியாளரைக் கூப்பிடுங்கள். அந்த விமானம் அடுத்து எப்போது கிளம்புகிறது என்று கேளுங்கள். அதற்கு முன் முன்விளிம்பின் உள்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், டார்ச் அடித்து.